883 தளங்கள், 23 நிமிடங்கள்: அட்லாசியனின் 2022 ஏப்ரல் முடக்கம்

2022 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. உலக நேரப்படி காலை 7:38. இந்தியாவில் பகல் 1:08, சாப்பாட்டு நேரம். சிட்னியில் அலுவலகம் முடிந்து கிளம்பும் மாலை. லாஸ் வேகாஸில் நள்ளிரவு தாண்டிவிட்டது. பொழுது விடிந்தால் அங்கே, குழுக்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான மென்பொருள்களை விற்கும் அட்லாசியன் நிறுவனத்தின் ஆண்டு மாநாடு. புதிய மென்பொருள்களையும் புதிய வசதிகளையும் மேடையில் அறிவிக்க எல்லாம் தயார்.

அந்த நேரத்தில் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு ஸ்கிரிப்டை (வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்கும் சிறு நிரல்) ஓடவிட்டார்கள். 8:01க்கு அது வேலையை முடித்தது. இடைப்பட்ட 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கப்பட்டிருந்தன. தளம் என்றால் ஏதோ ஒரு பக்கம் அல்ல. ஒரு நிறுவனத்துக்கென்று அட்லாசியன் ஒதுக்கிக் கொடுக்கும் இணைய முகவரி, அதன்கீழ் இயங்கும் ஜிரா (பணிகளைப் பதிவுசெய்து பின்தொடரும் மென்பொருள்), கான்ஃப்ளுவன்ஸ் (குழுவின் ஆவணங்களை எழுதிவைக்கும் மென்பொருள்), பயனர் கணக்குகள், அனுமதிகள், இணைத்திருந்த பிற நிறுவனச் செயலிகள் எல்லாம் சேர்ந்ததுதான் தளம். அதில் கடைசித் தளம் திரும்பி வந்தது ஏப்ரல் 18 அன்று. சிலர் இரண்டு வாரம் காத்திருந்தார்கள்.

யாரும் ஊடுருவவில்லை. சர்வர் எதுவும் எரியவில்லை. ஒரு வசதியை மேம்படுத்தியதன் தொடர்ச்சியாக, அதன் பழைய வடிவத்தைத் துடைத்தெடுக்கும் வேலை நடந்தது, அவ்வளவுதான். இந்த நிகழ்வை எடுத்துப் பேசக் காரணமும் அதுவே. குழுப்பணி மென்பொருளில் ‘புதிய வசதி’ என்ற அறிவிப்பு வரும்போது நாம் பார்ப்பது சேர்வதை மட்டும். பழையதை அகற்றும் வேலை அறிவிப்பில் இருக்காது, மேடையில் இருக்காது, பெரும்பாலும் திட்டப் பலகையில் கடைசிச் சீட்டாகக் கிடக்கும். ஆபத்து அந்தச் சீட்டில் இருந்தது.

இன்சைட் என்ற செயலி

ஜிராவை வெறும் பிழைப் பட்டியலாக நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படும். ஒரு நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு டிக்கெட் (புகார்ச் சீட்டு) வருகிறது: ‘என் மடிக்கணினி இயங்கவில்லை.’ அந்த மடிக்கணினி எது, யாரிடம் இருக்கிறது, எப்போது வாங்கியது, உத்தரவாதம் இருக்கிறதா என்ற விவரங்கள் டிக்கெட்டோடு சேர்ந்தே தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. இப்படி உடைமைகளைப் பதிவுசெய்து டிக்கெட்டுகளோடு கோத்துக் காட்டும் செயலிதான் இன்சைட். ஸ்வீடனைச் சேர்ந்த மைண்ட்வில் என்ற நிறுவனம் அதை உருவாக்கி, அட்லாசியனின் செயலிச் சந்தையில் விற்றுவந்தது.

2020 ஜூலையில் அட்லாசியன் மைண்ட்வில்லையே வாங்கிவிட்டது. தனியாக நிறுவ வேண்டியிருந்த செயலி, ஜிராவின் உதவிக் கோரிக்கைப் பதிப்பான ஜிரா சர்வீஸ் மேனேஜ்மெண்டுக்குள் இயல்பான வசதியாகவே வந்து அமர்ந்தது. (பின்னாளில் பெயரும் ‘அசெட்ஸ்’ என்று மாறியது.) வாடிக்கையாளருக்கு இது நல்ல செய்தி. தனிச் செயலி, தனிப் பராமரிப்பு என்ற தலைவலி இல்லை.

ஆனால் ஏற்கெனவே தனிச் செயலியாக நிறுவியிருந்த தளங்களில் அந்தப் பழைய செயலி அப்படியே கிடந்தது. இனி அது தேவையில்லை, நீக்கிவிட வேண்டும். பல நூறு தளங்களில் கையால் செய்கிற வேலையா இது? ஏற்கெனவே இருந்த ஒரு ஸ்கிரிப்டை எடுத்து, பட்டியலைக் கொடுத்து ஓட்டிவிடலாம் என்று முடிவானது. நியாயமான முடிவுதான். அட்லாசியன் அளவுள்ள எந்த நிறுவனமும் அப்படித்தான் செய்யும்.

எந்த ஐடி?

நீக்கச் சொன்ன குழு ஒன்று. நீக்கிய குழு வேறொன்று. முதல் குழு இரண்டாவது குழுவுக்கு ஒரு பட்டியலை அனுப்பியது. அதில் இருக்க வேண்டியது ஒவ்வொரு தளத்திலும் நிறுவப்பட்டிருந்த இன்சைட் செயலியின் ஐடி, அதாவது அடையாள எண். இருந்ததோ அந்தச் செயலி நிறுவப்பட்டிருந்த தளங்களின் ஐடி.

‘எங்கெல்லாம் இதை நீக்க வேண்டும்’ என்று கேட்டால் யாருக்கும் முதலில் கைக்கு வருவது இடங்களின் பட்டியல்தான். கேள்வியைச் சற்றே வேறு மாதிரிப் புரிந்துகொண்டால் தளங்களின் பட்டியல் முற்றிலும் சரியான பதிலாகவே தோன்றும். கேட்டவர்கள் என்ன கேட்டார்கள், கொடுத்தவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்று இரு தரப்பும் ஒரு முறை வாய்விட்டுப் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். குழுக்களுக்கிடையே தகவல் தவறாமல் போய்ச்சேர்வதற்கான மென்பொருளை விற்றே வளர்ந்த நிறுவனத்தில் இது நடந்தது என்பதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

ஆனால் தவறான பட்டியல் வந்ததே காரணம் என்று நிறுத்திக்கொண்டால் ஆய்வு அரைகுறை. தவறான பட்டியல் எல்லா நிறுவனத்திலும் தினமும் வருகிறது. அதைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய சுவர்கள் ஒவ்வொன்றும் ஏன் வழிவிட்டன என்பதுதான் விஷயம்.

முதல் சுவர், அழிக்கும் வேலையைச் செய்த ஏபிஐ, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குக் கட்டளையிடும் வாயில். அது செயலி ஐடியையும் ஏற்றுக்கொள்ளும், தள ஐடியையும் ஏற்றுக்கொள்ளும். செயலி ஐடி கொடுத்தால் செயலி போகும். தள ஐடி கொடுத்தால் தளமே போகும். வந்திருப்பது எந்த வகை என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. ‘நீங்கள் அழிக்கப்போவது ஒரு முழுத் தளம்’ என்ற எச்சரிக்கை வரியும் இல்லை. ஒரு சாதாரணப் பயனர் ஜிராவில் ஒரே ஒரு டிக்கெட்டை அழிக்க முயன்றால் ‘நிச்சயமாகவா?’ என்று திரை கேட்கும். 883 நிறுவனத் தளங்களை அழிக்கும் பாதையில் அந்தக் கேள்வி இல்லை. உள்ளே இருப்பவர்கள் தெரிந்துதான் செய்வார்கள் என்ற நம்பிக்கை அகக் கருவிகளில் எப்போதும் உண்டு. தெரிந்தவர்கள்தான் வேகமாகவும் செய்வார்கள் என்பதை அந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, சக பொறியாளரின் சரிபார்ப்பு. அது நடந்தது. எந்த ஏபிஐ முனையை அழைக்கிறோம், எப்படி அழைக்கிறோம் என்று பார்த்தார்கள். பட்டியலில் இருக்கும் ஐடிகள் செயலியைக் குறிக்கின்றனவா, தளத்தைக் குறிக்கின்றனவா என்று பார்க்கவில்லை. நிரலைப் படிக்கிறோம், தரவைப் படிப்பதில்லை. கோட் ரிவ்யூ என்று நாம் பழகியிருக்கும் முறையின் இயல்பான ஓட்டை இது. ஸ்கிரிப்ட் சரி என்று கையெழுத்து விழுந்தது. ஸ்கிரிப்டும் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது, ஸ்டேஜிங் எனப்படும் ஒத்திகைச் சூழலில் சோதனை. அதுவும் நடந்தது. ஆனால் பட்டியலிலிருந்த ஐடிகள் வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலுக்கு உரியவை. ஸ்டேஜிங்கில் அப்படிப்பட்ட தளங்களே கிடையாது. இல்லாத ஒன்றை அழிக்கச் சொன்னால் எந்தச் சேதமும் தெரியாது.

நான்காவது சுவர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர்கள் அவசரப்பட்டு ஒரேயடியாக எல்லாவற்றையும் ஓட்டிவிடவில்லை. முதலில் 30 தளங்களில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். வெற்றி. 30 தளங்களிலும் பழைய இன்சைட் மட்டும் போனது, வேறெதற்கும் கீறல் இல்லை. காரணம், அந்த 30க்கான பட்டியல் குழப்பம் நேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டது; அதில் சரியான செயலி ஐடிகள் இருந்தன. அடுத்த சுற்றுக்கு வந்த பட்டியல் வேறு. சிறிய அளவில் சோதித்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போ என்ற நல்ல வழக்கத்தை அவர்கள் பின்பற்றினார்கள். சோதித்தது ஒன்று, ஓட்டியது இன்னொன்று என்பதால் அந்த வழக்கம் பாதுகாப்பைத் தருவதற்குப் பதில் பொய்யான தைரியத்தைத் தந்தது. படிப்படியாக வெளியிடுகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் குழுக்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: முதல் படியில் ஏறிய சரக்கும் அடுத்த படியில் ஏறும் சரக்கும் ஒரே மூட்டையிலிருந்துதான் வருகின்றனவா?

இவற்றுக்கெல்லாம் மேலே, அழிக்கும் முறை. அட்லாசியனிடம் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, அழிக்கப்பட்டதாகக் குறித்துவிட்டு, தேவைப்பட்டால் மீட்டுக்கொள்ளும் முறை. இன்னொன்று, சட்ட விதிகளுக்காக வாடிக்கையாளர் தரவை அடியோடு அகற்றுவதற்கான நிரந்தர முறை. அன்று ஓடியது இரண்டாவது. பழைய செயலியை நீக்குவதற்கு எந்தச் சட்டமும் நிரந்தர அழிப்பைக் கேட்கவில்லை.

கண்காணிப்பு ஏன் கத்தவில்லை

7:46க்கு முதல் வாடிக்கையாளரின் சப்போர்ட் டிக்கெட் வந்துவிட்டது. ஸ்கிரிப்ட் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது; முடிய இன்னும் 15 நிமிடம். நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்பு அமைப்போ எதையும் சொல்லவில்லை. அதன் பார்வையில் எதுவும் பழுதாகவில்லை. தளங்களை அழிப்பது என்பது முறையான ஒரு வேலை. முறையான வழியிலேயே நடந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கணக்கை மூடிக்கொண்டு போனால் எப்படி நடக்குமோ அப்படியே. சராசரிக்கு மேலாகத் தளங்கள் அழிகின்றனவே என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை.

8:17க்குப் பெரும் நிகழ்வுக்கான நடைமுறை தொடங்கியது. 8:53க்கு டிக்கெட்டுகளுக்கும் ஸ்கிரிப்டுக்கும் இருக்கும் தொடர்பு உறுதியானது. இதுவரை வேகம் குறையில்லை. முதல் டிக்கெட்டிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. எத்தனையோ பெரிய முடக்கங்களில் காரணம் தெரியவே ஒரு நாள் ஆகியிருக்கிறது. ஆனால் இந்த நிகழ்வின் தீவிரத்தை உச்சநிலைக்கு உயர்த்தியபோது மணி 12:38. காரணம் தெரிந்த பிறகும் அதன் பரிமாணம் புரிய மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

பேக்கப் இருந்தும் ஏன் இரண்டு வாரம்

பலரும் முதலில் கேட்டது இதுதான்: பேக்கப் இல்லையா? இருந்தது. நன்றாகவே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரவு இழக்கக்கூடாது என்பது அவர்களின் இலக்கு. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இழப்பு அழிப்புக்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியது. தரவைக் காப்பாற்றும் தேர்வில் பெரும்பாலும் தேறினார்கள். எத்தனை மணி நேரத்தில் திருப்பிக் கொடுப்பது என்ற தேர்வில் படுதோல்வி.

காரணம், கிளவுட் மென்பொருளின் கட்டுமானம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி டேட்டாபேஸ் சர்வர் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி, ஒரே கட்டடத்தில் பலர். ஒரு டேட்டாபேஸை நேற்றைய நிலைக்குத் திருப்பினால் பாதிக்கப்படாத மற்றவர்களின் இன்றைய வேலையும் சேர்ந்து அழியும். ஆகவே மொத்தமாகத் திருப்ப முடியாது. பேக்கப்பிலிருந்து பாதிக்கப்பட்டவர்களின் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்குள் செருக வேண்டும்.

தனியொரு தளத்தை இப்படி மீட்க அவர்களிடம் வழிமுறை இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தவறுதலாகத் தன் தளத்தை அழித்துவிட்டு உதவி கேட்பது அவ்வப்போது நடப்பதுதானே. மொத்தமும் ஒரே நேரத்தில் சரிந்தால் வேறு இடத்திலிருந்து இயங்கவும் வழி இருந்தது. ஒத்திகைகள் இரண்டுக்கும் நடந்தன. இரண்டுக்கும் நடுவில், சில நூறு வாடிக்கையாளர்கள் மட்டும், ஒவ்வொருவருக்கும் பல மென்பொருள்கள், எல்லாம் ஒரே நேரத்தில் என்ற நிலைக்குத் தானியங்கி வழி கிடையாது. ஒன்று, அல்லது எல்லாம் என்று யோசித்திருந்தார்கள். எண்ணூற்றுச் சொச்சத்தை யாரும் யோசிக்கவில்லை.

முதல் வழியில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிய தளம் ஒன்றை உருவாக்கி அதற்குள் பழைய தரவை ஏற்றினார்கள். இதில் ஒரு சிக்கல். புதிய தளம் என்றால் புதிய ஐடி. பழைய ஐடியை நம்பியிருந்த எல்லா இடங்களிலும், உரிமம், பயனர் அனுமதி, இணைப்புக் கோப்புகள் என்று வரிசையாக, பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் பொருத்த வேண்டும். வெளி நிறுவனங்களின் செயலிகளும் பழைய ஐடியோடு கட்டப்பட்டவை. அந்த நிறுவனங்களையும் கூப்பிட்டு மறுபடி இணைக்கச் சொல்ல வேண்டும். ஒரு தொகுதியை முடிக்க ஏறத்தாழ 48 மணி நேரம் பிடித்தது. முதல் வாடிக்கையாளர்கள் ஏப்ரல் 8 அன்றுதான் திரும்பினார்கள். இந்த வழியில் ஏப்ரல் 14 வரை மீண்டவை 112 தளங்கள். அவை பெரிய தளங்கள். பாதிக்கப்பட்ட பயனர்களில் 53 சதவீதத்தினர் அவற்றில் இருந்தார்கள்.

ஏப்ரல் 9 முதல் வேறொரு வழியையும் கையில் எடுத்தார்கள். புதிய தளம் வேண்டாம். அழிந்த பதிவுகளை அவற்றின் பழைய ஐடியுடனேயே அந்தந்த இடத்தில் திரும்ப எழுதிவிடுவது. எண் மாறவில்லை என்றால் எண்ணைப் பொருத்தும் வேலையும் இல்லை. படிகளில் பாதிக்கு மேல் ஒரே அடியாகக் குறைந்தன. 48 மணி நேரம் சுமார் 12 ஆனது. மீதி 771 தளங்களும் இந்த வழியில் ஏப்ரல் 18க்குள் வந்துசேர்ந்தன.

இரண்டாவது வழி முதல் நாளே ஏன் தோன்றவில்லை என்று கேட்பது எளிது. நெருக்கடியின் முதல் மணி நேரங்களில் கையில் இருக்கும் வழிமுறையைத்தான் யாரும் எடுப்பார்கள். என் கணிப்பில் இங்கே பாராட்ட வேண்டியது, முதல் வழி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தாமல், இன்னொரு குழு இரண்டாவதை உருவாக்கி அதற்குத் தாவியது. பாதி கிணறு தாண்டிய பிறகு வழியை மாற்றத் துணியும் நிர்வாகங்கள் குறைவு.

டிக்கெட் போட முடியாதவர்கள்

பாதிக்கப்பட்டவை ஜிராவும் கான்ஃப்ளுவன்ஸும் மட்டுமல்ல. ஆப்ஸ்ஜீனியும் ஸ்டேட்டஸ்பேஜும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆப்ஸ்ஜீனி, கோளாறு நேர்ந்தால் பணியிலிருக்கும் பொறியாளரை எழுப்பும் மென்பொருள். ஸ்டேட்டஸ்பேஜ், ‘எங்கள் சேவை முடங்கியிருக்கிறது’ என்று தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கும் பக்கம். இவை இல்லாமல் போனவர்களுக்கு, தங்கள் சொந்த அமைப்பில் கோளாறு வந்தால்கூட அலாரம் அடிக்காது. பணிப் பட்டியல் போனது ஒரு சங்கடம். அலாரம் போனது ஆபத்து. எல்லாக் கருவிகளையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் ஒன்றோடொன்று அழகாக இணைந்து இயங்கும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். இவர்களுக்கு அவை இணைந்தே விழுந்தன.

பிறகு இன்னொரு முடிச்சு. அட்லாசியனிடம் புகார் கொடுக்க வேண்டுமென்றால் படிவத்தில் உங்கள் தள முகவரியையும் கணக்கையும் தர வேண்டும். தளமே இல்லை. படிவம் ஏற்றுக்கொள்ளாது. மறுபுறம், நிறுவனம் தானாக முன்வந்து கூப்பிடலாம் என்றால், அந்தத் தளத்தின் நிர்வாகி யார், மின்னஞ்சல் என்ன என்ற விவரமும் தளத்தோடு சேர்ந்து அழிந்திருந்தது. யாரைப் பாதித்தோம் என்பது எண்களாகத் தெரியும். அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்பது தெரியவில்லை.

இந்தச் சிக்கல் நிறுவனம் மௌனமாக இருந்ததற்குப் பாதிக் காரணமே. மீதிப் பாதி, விருப்பத்தின் பேரில் எடுத்த முடிவு. பாதிக்கப்பட்டவர்களிடம் நேரடியாகப் பேசுவோம், பொதுவெளியில் அதிகம் பேச வேண்டாம் என்று நினைத்தார்கள். மாநாடு ஏப்ரல் 7 வரை நடந்தது. மேடையில் புதிய அறிமுகங்கள் தொடர்ந்தன. நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஸ்ரீ விஸ்வநாத் விரிவான விளக்கத்தைப் பொதுவில் எழுதியது ஏப்ரல் 12 அன்று. எட்டாம் நாள். அப்போது சொல்லப்பட்ட வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 400. மாத இறுதியில் நிறுவனர்கள் மைக் கேனன்-புரூக்ஸும் ஸ்காட் ஃபார்குவாரும் முன்னுரை எழுதி வெளியிட்ட முழு அறிக்கையில் அது 775 ஆனது. இடைப்பட்ட நாட்களில் உண்மையைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களும் தனி எழுத்தாளர்களும்தான்.

இந்த இடத்தில் 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபில் நடந்ததை நினைத்துக்கொள்வது பயன்படும். அங்கே ஒரு பொறியாளர் இரவில் களைப்போடு, தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், ஏட்டில் இருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட உருப்படியாக இயங்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த ஒரு நகலிலிருந்து மீண்டார்கள். ஆறு மணி நேரத் தரவு நிரந்தரமாகப் போனது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அட்லாசியனைவிட மோசம். ஆனால் கிட்லேப் மீட்புக் குறிப்புகளை எல்லாரும் பார்க்கும் ஆவணமாகத் திறந்துவைத்தது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பிழை செய்தவரின் பெயரை வெளியிடவில்லை. தரவை இழந்த கிட்லேப் மேல் மக்களுக்கு இருந்த கோபம், தரவைப் பெருமளவு காத்த அட்லாசியன் மேல் இருந்ததைவிடக் குறைவு. முடங்கிக் கிடப்பவருக்கு ‘இன்னும் மூன்று நாள் ஆகும்’ என்பதுகூடப் பதில்தான். அதை வைத்து அவர் எக்செல் தாளிலாவது வேலையைத் தொடங்குவார். ‘விரைவில்’ என்பதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

பின்பு மாறியவை

அறிக்கை நல்ல அறிக்கை. யார் மேலும் பழி போடவில்லை. நிமிடக் கணக்கு இருந்தது. தவறிய இலக்கைத் தவறியது என்றே எழுதினார்கள். செய்யப்போவதாகச் சொன்னவற்றுள் முக்கியமானது, எல்லா அமைப்புகளிலும் மீட்கத்தக்க அழிப்பு. வாடிக்கையாளர் தரவை நேரடியாக நிரந்தரமாக அழிக்கும் பாதையை மூடி, முதலில் குறித்துவைத்து, காலம் கடந்த பிறகே அகற்றுவது. இது ஒன்று மட்டும் அன்று இருந்திருந்தால், தவறான பட்டியலும் தலையாட்டிய ஏபிஐயும் சேர்ந்தும்கூடச் சில மணி நேரச் சங்கடத்தோடு முடிந்திருக்கும். பல தளம், பல மென்பொருள் மீட்பைத் தானியங்கியாக்குவது, பெரிய நிகழ்வுகளுக்கான நடைமுறையைத் திருத்துவது, வாடிக்கையாளர் தொடர்பு விவரங்களைத் தளத்துக்கு வெளியே இன்னோரிடத்தில் வைப்பது ஆகியவை மற்றவை.

‘தனியாக இருந்தது இனி உள்ளேயே’ என்ற போக்கு மட்டும் நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. 2018இல் 29.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஆப்ஸ்ஜீனியின் தனி விற்பனையை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதன் வசதிகள் ஜிரா சர்வீஸ் மேனேஜ்மெண்டுக்குள் போகின்றன. பழையது 2027 ஏப்ரலில் மூடப்படும். இன்சைட் போன அதே பாதை. சொந்த சர்வரில் ஜிராவை வைத்துக்கொள்ளும் வழியும் சுருங்கிவருகிறது. சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15 அன்று முடிந்தது.

ஆகவே கேள்வி கருவியைப் பயன்படுத்தும் நம் பக்கம் திரும்புகிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் 99.9 சதவீத இயக்க உறுதியை நம்பிப் பயனில்லை. 30 நாள் மாதத்தில் அது சுமார் 43 நிமிட முடக்கத்தை அனுமதிக்கும் கணக்கு. அதைத் தாண்டினால் கட்டணத்தில் கழிவு கிடைக்கும், அவ்வளவே. வெளியீட்டுத் தேதி தவறிய நஷ்டத்தை யாரும் தரமாட்டார்கள்.

ஜிரா கிளவுடில் நிர்வாகியே பேக்கப் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். நல்லது, செய்யுங்கள். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து படிக்க இன்னொரு ஜிரா வேண்டும். தளம் இல்லாத இரண்டு வாரத்தில் அது பூட்டிய பெட்டி. அதைவிட, திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் எண், தலைப்பு, பொறுப்பாளர், நிலை, கெடு என்ற ஐந்து பத்திகளை வாரம் ஒருமுறை சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணை) கோப்பாக எடுத்து, வேறு நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் போட்டுவைப்பது உடனே கைகொடுக்கும். சப்போர்ட் எண், ஒப்பந்த எண், விற்பனைத் தொடர்பாளரின் மின்னஞ்சல் ஆகியவற்றைக் கான்ஃப்ளுவன்ஸ் பக்கத்தில் மட்டும் எழுதிவைத்திருக்கும் குழுக்கள் நிறைய. நெருக்கடி நேரத்துக்கான கையேடும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அவற்றின் பிரதி வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

அடுத்த முறை உங்கள் மென்பொருள் நிறுவனம் ‘இந்தச் செயலி இனி உள்ளமைந்த வசதி’ என்று மின்னஞ்சல் அனுப்பினால், பழையதை எந்தத் தேதியில் அகற்றுகிறீர்கள், அகற்றியதை எத்தனை நாள்வரை மீட்க முடியும், எங்கள் தளம் எந்தச் சுற்றில் வருகிறது என்று மூன்று வரியில் பதில் எழுதிக் கேட்கலாம். தேதி கிடைத்தால் அதற்கு முந்தைய நாள் சிஎஸ்வியை எடுத்துவிடுங்கள்.